கடைசியாகத் தொட வேண்டிய ஸ்குறூ

சிவப்பு நிற ஹொண்டா எம்.டி. 90. ஜப்பானில் தபால்காரர்கள் ஓட்டிய வண்டி. கப்பலில் கொழும்புக்கு வந்து, பலருடைய கைமாறி மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தது. படுத்த சிலிண்டர், கிளட்ச் லீவர் இல்லை, மூன்று கியர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எனக்கு மாற்றம் கிடைத்தபோது அதை வாங்கினேன். ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயல் வரம்போரத்திலும் மணல் தெருவிலும் இழுத்துக்கொண்டு போகும். நிறுத்தினால்தான் பிரச்சினை. அக்சிலேற்றரை விட்டதும் சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், கொஞ்ச நேரம் இப்படித் தடுமாறிவிட்டு அணைந்துபோகும்.

வாவியைக் கடக்காதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கடல் பக்கம் இருக்கும் ஒடுங்கிய நிலம் எழுவான்கரை, மேற்கே வயலும் குளமுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. அந்த நாட்களில் அக்கரைக்குப் போக வடக்கே வலையிறவுப் பாலத்தைச் சுற்ற வேண்டியிருந்தது, அல்லது தெற்கே பட்டிருப்புப் பாலத்தை. இல்லாவிட்டால் பாதையில் ஏற வேண்டியிருந்தது. பாதை என்று நாங்கள் சொல்வது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் தட்டைப் படகை. அப்போது மண்முனையில் ஒன்று, குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் ஒன்று, குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஒன்று. பலகையில் வண்டியை ஏற்றும்போது என்ஜின் மெதுவாகவும் சீராகவும் நின்று அடிக்க வேண்டும். அணைந்தால் வண்டி பின்னால் வழுக்கும், ரேஸ் பண்ணினால் முன்னால் நிற்பவரின் காலில் ஏறும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அது போர்க்காலம், அப்போது படுவான்கரை அரசாங்கக் கட்டுப்பாட்டில் இல்லை. துறைக்குப் போவதற்கு முன் ஆமிச் சென்றி. அங்கே மெல்ல உருட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். சென்றிக்கு முன்னால் என்ஜின் தானாக நின்று, ஆமிக்காரன் பார்த்துக்கொண்டிருக்கக் கிக்கரை மிதித்துக்கொண்டு நின்றவர்களுக்கு ஐட்லிங்கின் அருமை தெரியும். என்னோடு பாதையில் வந்த ஆசிரியர்கள், தாதிமார், கிராம சேவகர்கள், பால் சேர்க்கிறவர்கள் பலரிடமும் இதே முறைப்பாடு இருந்தது. "ஓட்டம் நல்லம், ஐட்லிங் நிக்குதில்ல."

பட்டணத்தில் ஒரு கடைக்காரர் காபரேற்றரை மாற்றச் சொன்னார். புதிது ஒன்று எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். விலையைக் கேட்டதும் திரும்பி வந்தேன். பிறகு களுவாஞ்சிகுடியில் வண்டி திருத்தும் ஒரு பாஸ் இருக்கிறார், அவரிடம் காட்டுங்கள் என்று பள்ளிக்கூடத்துச் சக ஆசிரியர் அனுப்பினார். கிடுகு வேய்ந்த கொட்டில், தரையில் எண்ணெய் ஊறிய மணல், ஒரு பழைய மேசை. சாவிகள் எல்லாம் அளவு வாரியாக ஆணியில் தொங்கின. அந்த ஒழுங்கைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது.

இளம் வயதில் மட்டக்களப்பு ஈஸ்ரேர்ன் ரெக்னிக்கல் இன்ஸ்ரிரியூட்டில் தொழில் படித்தவர் அவர். அமெரிக்க யேசுசபைத் துறவிகளின் பொறுப்பில் இருந்த நிலையம் அது. அதை நடத்திவந்த யூஜின் ஹேபர்ட் அடிகளாரைப் பற்றி அவர் நிறையச் சொல்வார். லூசியானாவிலிருந்து வந்து, மட்டக்களப்பிலேயே வாழ்ந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அதே ஹேபர்ட் அடிகளார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞரோடு அவர் காணாமற்போனார். இருவரும் இன்றுவரை திரும்பவில்லை. இந்த மாவட்டத்தில் பெரிய மூலதனம் எதுவும் இல்லாமல் ஒரு சாவிப் பெட்டியோடு குடும்பத்தைக் காப்பாற்றிய பலர் அந்த நிலையத்தில் படித்தவர்கள். அவர்களுடைய கைத்தொழிலுக்குப் பின்னால் அந்த மனிதரின் உழைப்பும் இருக்கிறது என்பதை எழுதிவைப்பது என் கடமை.

நான் வண்டியை நிறுத்தியதும் ஐட்லிங் ஸ்குறூவைத் திருகுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைத் துடைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"சேர், காலையில கிக் பண்ணக்குள்ள குழப்பமா, சூடேறின மறுகா குழப்பமா?"

"ரெண்டு நேரமும்தான் அண்ணன். சூடேறினா கூட."

"சொக்கைப் பாதி இழுத்துப் பாத்தீங்களா? நல்லா வருதா, கெட்டுப் போகுதா?"

அப்படி ஒரு பரிசோதனை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் ஸ்ரார்ட் பண்ணினார். முதலில் ஹாண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினார், பிறகு வலது பக்கம். சத்தம் மாறவில்லை. மாறியிருந்தால் அக்சிலேற்றர் கேபிள் எங்கோ இறுகி இழுக்கிறது என்று பொருள். காபரேற்றரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. அடுத்து பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்துவைத்தார். மூடியில் காற்றுப் போகும் சிறு துவாரம் அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் இறங்குவது மெல்ல மெல்ல நின்றுவிடும். மணலும் தூசியும் படியும் எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். என் வண்டியில் அதுவும் இல்லை. கடைசியாகச் சொக்கைப் பாதி போட்டார். என்ஜின் சீராக அடித்தது. சொக்கை எடுத்தார், மறுபடி தடுமாற்றம்.

"பெற்றோல் காணாது, இல்லாட்டிக் காத்துக் கூட. ரெண்டில ஒண்டு," என்றார்.

அந்த ஒரு வரியில் பாதி வேலை முடிந்துவிட்டது. சொக் என்பது உள்ளே போகும் காற்றைக் குறைத்து, கலவையில் பெற்றோலைக் கூட்டுவது. சொக் போட்டதும் என்ஜின் சீராகிறதென்றால் கலவை மெலிந்திருக்கிறது. சொக் போட்டதும் கறுப்புப் புகை தள்ளி மூச்சுத் திணறினால் கலவை ஏற்கெனவே தடித்திருக்கிறது: புளோட் மட்டம் உயர்ந்திருக்கலாம், நீடில் தேய்ந்திருக்கலாம், எயார் கிளீனர் மழையில் நனைந்து மூச்சடைத்திருக்கலாம். இந்த இரண்டு வழியில் எது என்று தெரியாமல் ஸ்குறூ டிரைவரைக் கையில் எடுப்பவர் இருட்டில் துழாவுகிறார்.

ஓட்டத்தில் நன்றாக இருக்கும் வண்டி நிற்கும்போது மட்டும் ஏன் குழம்புகிறது என்று கேட்டேன். காபரேற்றருக்குள் ஓட்டத்துக்கு வேறு வழி, நிற்பதற்கு வேறு வழி என்று விளக்கினார். அக்சிலேற்றரைத் திருகும்போது சிலைட் மேலே எழும், மெயின் ஜெற் வழியாகப் பெற்றோல் வரும். விட்டதும் சிலைட் கிட்டத்தட்ட முழுக்க மூடிவிடும். அப்போது என்ஜின் உயிர்வாழ்வது பைலற் ஜெற் தரும் பெற்றோலில் மட்டும். அதன் துவாரம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அந்த நேரத்தில் உள்ளே போகும் காற்றும் மிகக் கொஞ்சம். ஆகவே ஒரு மணல் துணுக்கு, ஒரு சொட்டுத் தண்ணீர், மயிரிழை அளவு வெளிக்காற்று எல்லாமே நிற்கும்போது பெரிதாகத் தெரியும். ஓடும்போது அந்தக் கணக்கு வெள்ளத்தில் கரைந்துவிடும்.

பிறகு செய்த காரியத்தை இப்போதும் நான் மற்றவர்களுக்குச் செய்துகாட்டுகிறேன். ஒரு சின்னத் தூரிகையைப் பழைய என்ஜின் ஒயிலில் தொட்டு, காபரேற்றர் என்ஜினோடு பொருந்தும் இடத்தைச் சுற்றித் தடவினார். மேற்பக்கம் தடவியபோது மாற்றமில்லை. கீழ்ப்பக்கம் தடவியதும் தடுமாற்றம் நின்று சத்தம் ஒரே சீராக வந்தது. ஒயில் உள்ளே இழுபட்டு முடிந்ததும் பழையபடி ஏறி இறங்கியது. காற்றுப் புகும் இடம் பிடிபட்டுவிட்டது. சிலர் இதற்குப் பெற்றோலைத் தெளிப்பார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அது உயிராபத்து, யாரும் செய்ய வேண்டாம். ஒயில் போதும், சவர்க்காரத் தண்ணீரும் போதும்.

காபரேற்றரைக் கழற்றி, நட்டுப் பூட்டும் காது இரண்டின்மேல் இரும்பு அடிமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிக் காட்டினார். நடுவில் கோடாக வெளிச்சம் தெரிந்தது. எனக்கு முன் இருந்த யாரோ காற்றுக் கசிவை நிறுத்துவதற்காக இரண்டு நட்டையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கியிருக்கிறார். காபரேற்றரின் உடம்பு மெல்லிய வார்ப்பு உலோகம். இறுக்க இறுக்கக் காதுகள் என்ஜின் பக்கம் வளையும், நடு மேலெழும், கசிவு கூடும். கூடியதும் இன்னும் இறுக்குவார்கள். பழுதானது எதுவும் இல்லாத ஒரு காபரேற்றர் இப்படித்தான் குப்பைக்குப் போகிறது. கடைக்காரர் சொன்னபடி புதிது வாங்கிப் போட்டிருந்தால் ஐட்லிங் நின்றிருக்கும் என்பது உண்மைதான். ஒரு வளைந்த முகத்துக்காக ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போயிருக்கும் என்பதும் உண்மை. விலை மலிந்த போலிக் காபரேற்றர்களில் ஜெற்றின் அளவே சரியாக இருப்பதில்லை என்பது இன்னொரு துயரம்.

உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையில் வைத்து, அதன்மேல் நனைத்த எமரிக் கடதாசியை விரித்தார். காபரேற்றரின் முகத்தை அதில் வைத்து, எட்டு எழுதுவதுபோலச் சுற்றிச் சுற்றி மெல்லத் தேய்த்தார். கண்ணாடியைப் போல மட்டமான பரப்பு வேறு எதுவும் நம் வீட்டில் கிடையாது. அழுத்தவில்லை, அவசரப்படவில்லை. முதலில் ஓரங்கள் மட்டும் பளபளத்தன. பிறகு பளபளப்பு நடுவை நோக்கி வந்தது. முகம் முழுக்க ஒரே நிறமானதும் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார், வெளிச்சம் இல்லை. தட்டையாகக் காய்ந்துபோயிருந்த ஓ றிங்கை எறிந்துவிட்டுப் புதிதொன்று போட்டார். அது பள்ளத்துக்குள் மறைந்துவிடக் கூடாது, விளிம்புக்கு மேலே கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்று விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். நட்டுகளை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி இறுக்கினார்.

கழற்றிய கையோடு அடிக்கிண்ணத்தையும் திறந்தார். கிண்ணத்தில் இருந்ததை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெயிலுக்கு நேரே பிடித்தார். அடியில் உருண்டை உருண்டையாகத் தண்ணீர். பெற்றோலைவிடத் தண்ணீர் கனம், ஆகவே அடியில் தங்கும். பைலற் ஜெற்றும் அங்கேதான் உறிஞ்சுகிறது. பிறகு ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பார்த்தார். நல்ல பெற்றோல் காய்ந்ததும் அடையாளமின்றிப் போய்விடும், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க்கறை தங்கும். அந்த நாட்களில் இது முக்கியமான சோதனை. யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய வரலாறு எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்திலும் போத்தலில் விற்ற பெற்றோலில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஓட்டத்தில் சமாளிக்கும், நிற்கும்போது புளக்கைக் கரியாக்கும்.

பைலற் ஜெற்றைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். துவாரத்தில் ஒளி வட்டமாகத் தெரியவில்லை, பிறையாகத் தெரிந்தது. இரும்புக் கம்பி போட்டுக் குத்தினால் பித்தளை விரிந்துவிடும், அளவு போய்விடும். அவர் மேசை லாச்சியிலிருந்து எடுத்தது ஒரு துண்டுத் தங்கூசி. வாவிக்காரர்கள் வலைக்குப் பாவிக்கும் அதே மெல்லிய நைலோன் இழை. அதை விட்டு இழுத்து, காற்றடித்து, மறுபடி பார்த்தார். வட்டம் முழுமையாகத் தெரிந்தது. பித்தளையைக் காயப்படுத்தாத கருவி வேண்டும் என்று யோசித்தவருக்குக் கையெட்டும் தூரத்தில் கிடைத்தது அது. இதைவிட நல்ல கருவியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

எல்லாம் பூட்டிய பிறகுதான் ஸ்குறூ. முதலில் ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் ஸ்குறூ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். எயார் கிளீனர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது: உள்ளே திருகினால் கலவை தடிக்கும். என்ஜின் பக்கம் இருந்தால் கலவையைக் கட்டுப்படுத்துவது: உள்ளே திருகினால் மெலியும். இது தெரியாமல் திருகியவர்கள் நினைத்ததற்கு நேர்மாறாகச் செய்துவிட்டு வண்டியைத் திட்டுவார்கள். மெதுவாக அடிமுட்டத் திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, என்ஜினை நன்றாகச் சூடேற்றினார். பிறகு கால் சுற்று, கால் சுற்றாக நகர்த்தி, சத்தம் எந்த இடத்தில் கூடுதலாகவும் தெளிவாகவும் வருகிறதோ அங்கே நிறுத்தினார். வேகம் கூடிப்போனதை வேகத்துக்கான மற்ற ஸ்குறூவால் குறைத்தார். மறுபடி முதல் ஸ்குறூ. எம்.டி. 90 அடித்துக்கொண்டு நின்றது, நான் காசு கொடுத்து முடியும் வரைக்கும்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அந்தக் கொட்டிலில் கொஞ்ச நேரம் இருப்பது எனக்குப் பழக்கமானது. காபரேற்றரில் குறையே இல்லாத ஐட்லிங் குழப்பங்களை அங்கேதான் கண்டேன். ஒரு மருத்துவிச்சி அம்மாவின் வண்டி காலையில் அழகாக நிற்கும், தூரம் ஓடிச் சூடேறினால் அணையும். பாஸ் நீண்ட ஸ்குறூ டிரைவரின் நுனியை சிலிண்டர் தலையில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார். கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துப் பாடுமீன் கேட்பார்களே, அந்த மாதிரி. "சத்தமே இல்ல," என்றார். எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. அவருக்கு அது கெட்ட செய்தி. டப்பெட்டில் இடைவெளி இருந்தால் மெல்லிய டிக் டிக் கேட்க வேண்டும். அந்த ரக என்ஜினில் இடைவெளி 0.05 மில்லிமீற்றர், என்ஜின் ஆறியிருக்கும்போது. அது இல்லாமற்போனால் சூட்டில் உலோகம் நீண்டு வால்வு முழுக்க மூடாது, அமுக்கம் கசியும், நிற்கும்போது என்ஜின் அணையும். அப்படியே ஓட்டினால் வால்வு கருகும். சத்தம் போடும் டப்பெட்டுக்குப் பயப்படுகிற நாங்கள், சத்தம் போடாத டப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

மாரி காலத்தில் வேறொரு பிழை வரும். உப்புக் காற்று புளக் கப்பிலும் அதன் வயரிலும் படிந்திருக்கும். மழையில் அந்த உப்பு நனைந்ததும் மின்சாரம் புளக்குக்குப் போகாமல் வெளியே பாயும். பகலில் தெரியாது. இருட்டில் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் வயரைச் சுற்றி நீலப்பொறி ஓடுவது தெரியும். நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவைத்தால் போதும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த மாதங்களை நான் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லடியிலும் நாவலடியிலும் உயிர்களையும் வீடுகளையும் பறிகொடுத்தவர்களிடம் மிஞ்சியது சில வேளை மணலில் புதைந்த ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும். அதைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பாஸ் முதலில் சொல்வது, "கிக் பண்ணாதீங்க." உள்ளே கடல்தண்ணியும் மணலும் இருக்கும்போது மிதித்தால் சிலிண்டர் கீறிப்போகும். ஒயிலை வடித்து, நல்ல தண்ணீரால் கழுவி, புதிதாக ஒயில் விட்டு, கையால் சுற்றி, மறுபடி வடிப்பார். வண்டி ஓடத் தொடங்கிவிடும். பல மாதம் கழித்து ஐட்லிங் குழம்பும். கழற்றினால் காபரேற்றரின் உள்வழிகளில் வெள்ளைப் பொருக்கு, பித்தளையில் பச்சைக் களிம்பு. அந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் அவர் காபரேற்றரை மாற்றச் சொன்னார். உப்பு தின்ற வழியை எந்தத் தங்கூசியாலும் மீட்க முடியாது.

2014இல் ஜப்பானிய உதவியோடு கட்டிய மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அங்கே பாதையின் தேவை முடிந்தது. பழைய வண்டிகளின் தேவை முடியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் காபரேற்றர் வண்டிகளுக்கு மறுவாழ்வு வந்தது. 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்டோடு நாமும் நின்றோம். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். கிடைத்ததைப் பிளாஸ்ரிக் போத்தலில் ஊற்றி அறை மூலையில் வைத்தவர்கள் அநேகர். வீட்டுக்குள் அப்படி வைப்பது ஆபத்து. பழைய பெற்றோல் பிசினாகும் என்பது அதற்கு மேலே. வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியின் கிண்ணத்தில் அந்தப் பிசின் படிந்து பைலற் ஜெற்றை அடைத்தது. அந்த வருடம் கராச்சுகளுக்கு வந்த ஐட்லிங் முறைப்பாடுகளில் எத்தனையோ இதனால் வந்தவை.

பாஸ் இப்போது வேலை செய்வதில்லை. மகன் பார்க்கிறான். புதிய வண்டிகளில் காபரேற்றர் இல்லை, பெற்றோலைப் பீச்சுவதை மின்னணு கவனித்துக்கொள்கிறது. அவற்றுக்கான கருவியும் அவனிடம் இருக்கிறது. காபரேற்றர் வண்டி வந்தால் அவனும் தகப்பன் கேட்ட கேள்விகளையே கேட்கிறான்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு, விசேஷமாக வாவியோரத்தில் இருப்பவர்களுக்கு, நான் சொல்லக்கூடியது இதுதான். மாரி தொடங்குமுன் என்ஜினை ஆறவிட்டு, நெருப்பு எதுவும் கிட்ட இல்லாத வெளியிடத்தில், பெற்றோல் குழாயைப் பூட்டிவிட்டு, காபரேற்றர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் சின்ன ஸ்குறூவைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அங்கேயே தெரியும். அதற்கு ஒரு ஸ்குறூ டிரைவர் போதும், காசு தேவையில்லை. யாராவது காபரேற்றரை மாற்றச் சொன்னால், சொக்கைப் பாதி போட்டுப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.